படமும் பண்டமும்

கல்லூரி மலரின் தமிழ்ப் பகுதிக்கு எழுதப் புகும் தமிழ் மாணவர், சங்கப் பாடலையோ காப்பியத்தையோ பொருளாகக் கொள்வதே மரபு. அம்மரபினை யாம் அறியாதவர் அல்லேம். ஆயினும், இவ்வாண்டு வகுப்பறைக்கு வெளியே எமக்குக் கிடைத்த பயிற்சி ஒன்று உண்டு. நண்பர் பலர் ஒருங்கு கூடி, வழக்கிற்கு மாறான திரைப்படங்களைத் தின்பண்டம் தின்றுகொண்டே காணுதல்தான் அது. "இதுவும் ஒரு பயிற்சியோ?" என்று நகைப்பவர் நகைக்கட்டும். அதனால் விளையும் நன்மையையும், அதனுள் மறைந்து நின்ற ஒரு குறையையும் யாம் நேரிற் கண்டோம். ஆதலின் அவற்றைக் கூறி, எம் கருத்தினையும் வெளியிடத் துணிந்தோம்.

வழக்கிற்கு மாறான படம் என்பது யாது? தமிழின் முதற் பேசும் படமாகிய 'காளிதாஸ்' 1931 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அன்று தொட்டுப் பாட்டு நம் படங்களின் உயிர்நாடி ஆயிற்று. பாட்டும் ஆட்டமும் சண்டையும் நகைச்சுவையும் விரவிய படத்தை விரும்புதல் குற்றமன்று, யாமும் விரும்புவோம். எனினும், அப்பெருவழியே செல்லாது ஒற்றையடிப் பாதையிற் சென்றவர் சிலர் உளர். எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' (1954) பாட்டு ஒன்றேனும் இன்றி வந்தது. எழுத்தாளர் ஜெயகாந்தன் தம் கதையைத் தாமே 'உன்னைப்போல் ஒருவன்' (1965) எனப் படமாக்கினார். மகேந்திரன், புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யைத் தழுவி 'உதிரிப்பூக்கள்' (1979) என்னும் படத்தைத் தந்தார். பாலு மகேந்திராவின் 'வீடு' (1988), எம். மணிகண்டனின் 'காக்கா முட்டை' (2015), பி. எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' (2021) ஆகியனவும் இவ்வரிசையில் நிற்பன. இவற்றில் ஒருவன் பத்துப் பேரை அடித்து வீழ்த்துவதில்லை. எளிய மக்கள் வாழ்வதும், வாழ முயன்று தளர்வதுமே கதை.

இனி எம் கூட்டத்தின் இயல்பைக் கூறுவோம். சனிக்கிழமை இரவு, உணவும் ஜெபமும் முடிந்தபின், விடுதியில் எண்மர் ஓர் அறையிற் கூடுவோம். இரண்டு கட்டில்களை இழுத்து ஒன்று சேர்ப்போம். மேசைமேல் மடிக்கணினி இருக்கும். கட்டில் நடுவே செய்தித்தாள் விரிந்திருக்கும். அச்செய்தித்தாளின்மீது தென்னாட்டுப் பூகோளமே விளங்கக் காணலாம். சாத்தூர்க் காராச்சேவு ஒரு புறம். மணப்பாறை முறுக்கு மறு புறம். 2020 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாய் நடுவில். தூத்துக்குடி மக்ரூனும், முதலூர் மஸ்கோத் அல்வாவும், நாகர்கோவிற் பக்கத்து நேந்திரங்காய் வறுவலும் அவற்றைச் சூழ்ந்து இருக்கும். கிறிஸ்துமஸ் விடுமுறை கழிந்த வாரமாயின் எம் வீட்டு அச்சு முறுக்கும் அங்கே இடம்பெறும். ஊர் சென்று மீள்பவர் தம் ஊர்ப் பண்டத்தைக் கொண்டுவருதல் வேண்டும் என்பது எம் அவையின் எழுதாச் சட்டம். அச்சட்டத்தைப் பற்றிப் பின்னர்ப் பேசுவோம்.

இத்தகைய படங்களைத் தனித்திருந்து அமைதியாகக் காண்பதன்றோ முறை என்று வினவுவர் சிலர். அவர் கூற்று ஏட்டளவில் அழகியது, நடைமுறையில் நில்லாது. இவ்வகைப் படங்கள் மெல்ல நடப்பவை. ஒரு கிழவர் வாயிலைக் கடந்து உள்ளே வருவதைக் காட்டுவதற்கு அவை விரையமாட்டா. தனித்திருக்கும் இளைஞர், பத்தாம் நிமிடத்தில் படத்தை விரைந்து ஓடச் செய்வார்; இருபதாம் நிமிடத்தில் கைப்பேசியை எடுப்பார்; முப்பதாம் நிமிடத்தில் வேறொன்றிற்குத் தாவிவிடுவார். இது பிறர்மேற் சுமத்தும் பழியன்று, எம் அநுபவமே. எழுவர் அருகிருக்கும்போதோ அவ்வாறு செய்ய நாணம் தடுக்கின்றது. பொறுமை என்னும் குணம் கூட்டத்தில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றிக்கொள்கின்றது. தின்பண்டம் செய்யும் உதவியும் சிறிதன்று. காராச்சேவின் எண்ணெய் படிந்த விரல் கைப்பேசியைத் தீண்டாது. இக்காலத்து மாணவரின் கையைக் கைப்பேசியினின்றும் விலக்கி வைப்பதற்கு, எந்த அறிவுரையினும் சாத்தூர்க் காராச்சேவு ஆற்றல் வாய்ந்தது என்பது எம் துணிபு.

கூட்டத்தினால் வரும் வேறொரு நன்மை, கருத்து வேறுபாடு. 'அந்த நாள்' கண்ட இரவில், வானொலிப் பொறியாளரைக் கொன்றவர் யார் என்பதில் எம்முள் ஐந்து கட்சிகள் எழுந்தன. இடையிற் படத்தை நிறுத்தி வழக்காடினோம்; தோற்றவர் கடலை மிட்டாய்ப் பொட்டலத்தை இழப்பது எனப் பந்தயமும் கட்டினோம். ஒரே நிகழ்ச்சியைப் பலர் பலவாறு உரைக்கும் அக்கதை, சான்று என்பது யாது, ஊகம் என்பது யாது என எம்மை எண்ண வைத்தது. கொன்றவர் யார் என்பதை இங்கே கூறோம்; காண விரும்புவார் இன்பத்தைக் கெடுத்தல் தகாது.

'வீடு' கண்ட இரவு வேறு வகையினது. நடுத்தரக் குடும்பத்துப் பெண் ஒருத்தி கடன் பெற்றுச் சிறு வீடு கட்ட முயன்று படும் பாடே அப்படம். அதில் நடித்த அர்ச்சனா சிறந்த நடிகைக்குரிய தேசிய விருது பெற்றார். எம்முள் ஒருவர் வீட்டில் அவ்வாண்டுதான் வீட்டு வேலை தொடங்கியிருந்தது. அவர் முறுக்கைக் கடித்தவாறே சிமெண்ட், செங்கல், கொத்தனார் கூலி ஆகியவற்றின் இந்நாள் விலையை ஒவ்வொன்றாகக் கூறி எம்மை நகைப்பித்தார். தாத்தாவாக நடித்த சொக்கலிங்க பாகவதர், முற்றுப்பெறாத வீட்டைக் காண வந்து சுவரைத் தடவி மகிழும் இடம் வந்ததும் அவர் பேச்சு அடங்கிற்று. படம் முடிந்தவுடன் அவர் மாடிப்படிக்குச் சென்று தம் தந்தையாருக்குத் தொலைபேசியில் அழைத்தார். "அப்பா, சாப்பிட்டீர்களா?" என்று அவர் வினவியது மட்டும் எம் செவியில் விழுந்தது. விலைக் கணக்கு ஒன்றும் கேட்டிலர்.

நிற்க. இதுகாறும் கூறியன இன்பப் பக்கம். இனி எம்மை நாணச் செய்த பக்கத்தைக் கூறுதல் கடன்.

இரண்டாம் பருவத் தொடக்கத்தில் 'கூழாங்கல்' கண்டோம். ராட்டர்டாம் படவிழாவில் 2021 ஆம் ஆண்டில் புலி விருது பெற்ற படம் அது. ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரமே ஓடுவது. வறண்ட நிலத்தில், சினம் மிக்க குடிகாரத் தந்தையும் அவர் சிறு மகனும் வெயிலில் நெடுந்தொலைவு நடக்கின்றனர். நா வறட்சியைத் தணிக்கச் சிறுவன் கூழாங்கல் ஒன்றை வாயில் அடக்கிக்கொள்கின்றான். கதை அவ்வளவே. அன்று பண்டங்கள் மிகுந்திருந்தன. எம் அச்சு முறுக்கும் இருந்தது. பாதிப் படத்தில் எம்முள் ஒருவர், வாய் நிறைய வறுவலோடு, "படத்தில் ஒன்றும் நடக்கவில்லையே!" என்றார். யாம் நகைத்தோம்.

கட்டிலின் ஓரத்தில் இருந்த நண்பர் ஒருவர், திரையினின்றும் கண்ணை எடாமலே, "எங்கள் ஊரிலும் ஒன்றும் நடப்பதில்லை. நாங்கள்தாம் நடக்கின்றோம்" என்றார்.

அதன்பின் எவரும் பேசவில்லை. இறுதிக் காட்சியில், தோண்டிய குழியில் ஊறும் நீருக்காகப் பெண்கள் காத்திருந்து சிறிது சிறிதாக முகந்து குடத்தில் ஊற்றுகின்றனர். அப்பொழுது செய்தித்தாளை நோக்கி ஒரு கையும் நீளவில்லை. மறுநாள் அந்நண்பர் தாமே எம்மிடம் வந்து, தம் அன்னையாரும் அவ்வாறே ஊற்றுக் குழியருகே காத்திருந்ததுண்டு என்றும், தாம் சிறுவயதில் குடத்தோடு உடன் சென்றதுண்டு என்றும் கூறினார். அவர் இராமநாதபுரச் சீமையினர். எம்மோடு ஒன்றரை ஆண்டு ஒரே கூரையின்கீழ் உறைந்தவர். யாம் ஒரு நாளும் இதனைக் கேட்டறிந்திலோம்.

அன்று எமக்கு மற்றொன்றும் விளங்கிற்று. அவர் எந்நாளும் கட்டிலின் ஓரத்திலேயே அமர்வார். இரண்டு துண்டுக்கு மேல் எடுக்கமாட்டார். விடுமுறை கழிந்து வரும்போது வெறுங்கையுடன் வருவார். அவருக்குத் தின்பண்டத்தில் விருப்பமில்லை என்று யாம் எண்ணியிருந்தோம். உண்மை அதுவன்று. ஊர்ப் பண்டம் கொண்டுவருதல் வேண்டும் என்ற எம் எழுதாச் சட்டமே அவரை ஓரத்தில் அமர்த்தியிருந்தது. கடையிற் காசு கொடுத்து வாங்கி வருவோர்க்கு அது விளையாட்டு. அவர்க்கோ அது வரி. நட்புக்காக இட்ட சட்டம் நண்பர் ஒருவரை வெளியே நிறுத்தியதை, ஏழ்கடல் தாண்டி விருது பெற்ற ஒரு படம் வந்து எமக்குக் காட்ட வேண்டியதாயிற்று.

பாலைத் திணையை யாம் வகுப்பில் ஓதியிருக்கின்றோம். அதன் முதல், கரு, உரி மூன்றையும் தேர்வில் பிழையின்றி எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றிருக்கின்றோம். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் எனச் சிலப்பதிகாரம் கூறுவதையும் அறிவோம். ஆயினும், பாலை நிலத்தினர் ஒருவர் எம் அருகே அமர்ந்திருந்ததை அறியாதிருந்தோம். இக்கல்வியால் பயன் யாது என்னும் வினா எம்மை இன்றும் விடவில்லை.

ஆகலின், இத்தகைய படங்களைக் காணும்போது தின்பண்டமே கூடாது என்பது எம் முடிவோ? அன்று. எம் பாட்டியார் தம் வாழ்நாளில் சினிமாக் கொட்டகையின் படியை மிதித்தவர் அல்லர். அது பாவத்துக்கு ஏதுவாகும் என்று கருதிய தலைமுறையினர். அவரிடம் இந்நிகழ்ச்சியைக் கூறியபோது, "படம் பார்த்தது கிடக்கட்டும், அந்தப் பிள்ளைக்கு முறுக்கு எடுத்துக் கொடுத்தாயா?" என்றே கேட்டார். எம் கருத்தும் அதனைச் சார்ந்ததே. பசியைக் காட்டும் படத்தின் முன் உண்பது குற்றமன்று. உண்ணும் கை எப்பொழுது தானே நிற்கின்றது என்பதை உணராதிருத்தலே குற்றம். நின்ற கை பின்னர் எவரை நோக்கி நீளல் வேண்டும் என்பதை எண்ணாதிருத்தல் அதனினும் பெருங்குற்றம்.

'காக்கா முட்டை'யும் இதனையே வேறு சுவையிற் கூறுகின்றது. சிறந்த சிறுவர் படத்துக்குரிய தேசிய விருது பெற்ற அப்படத்தில், சேரிச் சிறுவர் இருவர் இரயில் பாதையோரம் கரி பொறுக்கிக் காசு சேர்த்து, பீட்சா என்னும் அயல்நாட்டுப் பண்டத்தைத் தின்ன விழைகின்றனர். காசு சேர்ந்த பின்னும் கடையின் வாயில் அவர்க்குத் திறக்கவில்லை. பண்டத்தின் விலை வேறு, அதனை உண்ணும் இடத்தில் நுழையும் உரிமை வேறு என்பதை அச்சிறுவர் அறிகின்றனர். எம் செய்தித்தாள் விரிப்பும் ஒரு சிறு கடைவாயிலாகவே நின்றிருந்தது என்பதை அப்படத்தைக் கண்டபோது உணர்ந்தோம்.

எம் சட்டத்தை மாற்றிவிட்டோம். பண்டம் கொணர்வார் கொணரலாம். கொணர்ந்தவர் பெயரும் ஊரும் கூறப்படா. எல்லாம் ஒரே தட்டில் கலக்கப்படும். காராச்சேவும் மக்ரூனும் கலந்தால் சுவை கெடும் என்று முறையிட்டவரும் உளர். அவர் முறையீடு தள்ளப்பட்டது. பொங்கல் விடுமுறை கழிந்து மீண்டபோது, அவித்த பனங்கிழங்குக் கட்டு ஒன்று தட்டருகே கிடந்தது. கொணர்ந்தவர் யாவர் என எவரும் வினவவில்லை. நார் உரித்துத் தின்பதற்குள் படம் பாதி கடந்துவிட்டது.

இறுதியாக, எம் வேண்டுகோள் ஒன்று. நம் கல்லூரித் தமிழ்ப் பேரவை, திங்களுக்கு ஒரு முறையேனும், உரியவரிடம் இசைவு பெற்று, இத்தகைய படம் ஒன்றைக் காட்டுதல் வேண்டும். 'சிற்றன்னை'யைப் படித்தபின் 'உதிரிப்பூக்கள்' காண்பதும், ஜெயகாந்தனின் கதையைப் படித்தபின் அவர் எடுத்த படத்தைக் காண்பதும் இலக்கியக் கல்விக்கு இழுக்காகா. எழுத்து காட்சியாகும்போது பெறுவதும் இழப்பதும் யாவை என ஆராயும் நல்வாய்ப்பு ஆகும். படம் முடிந்தபின் அரை மணி நேரம் உரையாடல் இன்றியமையாதது. அன்று அவ்வொரு சொல்லை எம் நண்பர் கூறாதிருந்திருப்பின், 'கூழாங்கல்' எமக்கும் ஒன்றும் நடவாத படமாகவே கழிந்திருக்கும்.

செலவு மிகுமோ என ஆசிரியப் பெருமக்கள் அஞ்ச வேண்டா. மண்டபமும் திரையும் நம்மிடம் உள. தின்பண்டத்தைப் பழைய மாணவர் சங்கத்தினர் அன்புகூர்ந்து ஏற்பாராயின், அவர் ஊர் யாது, பெயர் யாது என்று யாம் ஒருகாலும் கேளோம்.