டயப்ளோ 2: ட்ரிஸ்ட்ராமுக்கு இரண்டாம் தடவை

டயப்ளோ 2 விளையாடப் போறோம்னு யாரிடமாவது சொன்னால் உடனே ஓர் ஆலோசனை வரும்: "முதலாவதைத் தொடாதீங்க, அது பழசு, ஆமை மாதிரி நடக்கும், நேரா ரெண்டாவதுக்குப் போங்க." யூடியூபில் சொல்றாங்க, கெம்பஸ் ஹொஸ்டலில் சொல்றாங்க, பென்டிரைவில் கேம் ஏற்றித் தருகிற அண்ணாமாரும் சொல்றாங்க. அந்த ஆலோசனைக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறோம்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். இந்த வகைக் கேம்களில் வேலை ஒன்றுதான். நிலவறைக்குள் இறங்கணும், அரக்கர்களை அடிக்கணும், அவங்க போட்டுட்டுச் சாகிற வாள், கவசம், காசு எல்லாத்தையும் பொறுக்கணும், மேலே ஊருக்கு வந்து விற்கணும், திரும்ப இறங்கணும். 1980இல் கலிபோர்னியாவில் பல்கலைக்கழக மாணவர்கள் எழுதிய 'ரோக்' என்ற கேமிலிருந்து வருகிற பரம்பரை இது. அதில் அரக்கன் என்பதே ஓர் ஆங்கில எழுத்துத்தான். ஆனால் நிலவறை ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தன்னை வரைந்துகொள்ளும். டேவிட் ப்ரெவிக்கும் கூட்டாளிகளும் அந்த யோசனைக்குப் படமும் சத்தமும் கொடுத்து, 1996 முடிந்து 1997 பிறக்கிற நேரத்தில் டயப்ளோவை வெளியிட்டார்கள். பேர்கூட ப்ரெவிக் வளர்ந்த ஊருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மலையின் பேர்தான். நாங்க ஒரு கேம் செய்து அதுக்கு 'ஹந்தானை'ன்னு பேர் வைக்கிற மாதிரி. இரண்டாவது பாகம் 2000 ஜூனில் வந்தது. அதாவது எங்களைவிட இரண்டு, மூன்று வயது மூத்தது.

எங்களுக்கு அது கிடைத்தது பல்லேகலயில், ஒரு மாமா விட்டுட்டுப் போன பென்டியம் 4 கொம்பியூட்டருக்குள். அதில் இரண்டாவது பாகம் மட்டும்தான் இருந்தது. மூணு பேர், ஒரு மவுஸ், ஆளுக்கு அரை மணித்தியாலம். யாராவது பேச ஆரம்பித்தால் எஸ்கேப் பட்டனைத் தட்டிவிடுவோம். அந்த இங்கிலீஷை வாசிக்க நேரமும் இல்ல, பொறுமையும் இல்ல. தமிழில் அந்தக் கேம் அன்றைக்கும் இல்ல, இன்றைக்கும் இல்ல. ஆகவே எங்களுக்குக் கதை என்பது சிவப்பு உருண்டை, நீல உருண்டை, எலும்புக்கூட்டுப் பட்டாளம். நெக்ரோமான்சர்தான் எப்பவும். செத்ததை எழுப்பி முன்னால அனுப்பிட்டுப் பின்னால நிற்கலாம், மவுஸ் பழுதானாலும் சமாளிக்கலாம்.

அதில் ட்ரிஸ்ட்ராம் என்று ஓர் இடம் வரும். முதல் அத்தியாயத்தில், மரத்திலிருந்து ஒரு சுருளை எடுத்து, அதை அகாராவிடம் காட்டி, வெட்டவெளியில் நிற்கிற ஐந்து கற்களைச் சரியான வரிசையில் தொட்டால் சிவப்பு வாசல் ஒன்று திறக்கும். அந்தப் பக்கம் எரிந்துகொண்டிருக்கிற ஓர் ஊர். நடுவில் கூண்டொன்றில் டெக்கார்ட் கெய்ன் என்ற கிழவர் தொங்குவார். அவரைக் காப்பாற்றினால் அதற்குப் பிறகு பொருட்களை இலவசமாக அடையாளம் கண்டு சொல்வார். காப்பாற்றாமல் விட்டால் வேறு ஆட்கள் போய்க் கூட்டி வருவார்கள், ஆனால் ஒவ்வொரு பொருளுக்கும் 100 காசு கேட்பார். எங்களுக்கு அந்த ஊரைப் பற்றித் தெரிந்தது இந்தக் கணக்கு மட்டும்தான். இன்னொன்று: ஒரு மூலையில் ஒரு பிணம் கிடக்கும், அதைத் தட்டினால் காசு கொட்டும், கூடவே ஒரு மரக்கால் விழும். அந்தக் காலை வைத்து மாடுகள் நிறைந்த இரகசிய இடத்துக்குப் போகலாம் என்பது பல்லேகலயில் எங்களுக்கு முந்தின செட்டிலிருந்து கைமாறி வந்த அறிவு.

2022 ஏ/எல் பரீட்சை 2023 ஜனவரியில்தான் நடந்தது, அதற்குப் பிறகு கெம்பஸ் எப்ப திறக்கும்னு யாருக்கும் தெரியாது. அந்த மாதங்களில் முதலாவது டயப்ளோவை எடுத்தோம். பழைய லெப்டொப்புக்கு அது போதும் என்பதைத் தவிர வேறு காரணம் இல்ல. எல்லாரும் சொல்கிற குறை உண்மை: அதில் ஓட முடியாது. நடக்கத்தான் வேண்டும். தேவாலயத்துக்குக் கீழே 16 தளங்கள். நான்கு தளத்துக்கு ஒரு தடவை சுவரின் நிறம் மாறும், எட்டாவதுக்குப் பிறகு சலிக்கத் தொடங்கும். ஆனால் ஊர் ஒன்றுதான். அந்த ஊரின் பேர் ட்ரிஸ்ட்ராம்.

வாள் தேய்ந்தால் கொல்லன் க்ரிஸ்வோல்டிடம் நடக்கணும். காயம் பட்டால் வைத்தியர் பெப்பினிடம். பெப்பின் காசே கேட்க மாட்டார், பேசினால் போதும், காயம் ஆறிவிடும். மதுக்கடையில் வேலை செய்கிற ஜில்லியன் தன் பாட்டியைப் பார்த்துக்கொள்கிறாள். ஃபார்ன்ஹாம் எப்பவும் குடித்திருக்கிறார். கீழே போய் உயிரோடு திரும்பின மிகச் சிலரில் அவர் ஒருவர். ஊரிலிருந்து தள்ளி, ஒற்றைக் காலோடு நிற்கிற பையன் வெர்ட். தன்னிடம் இருக்கிற ஒரு பொருளைக் காட்டுவதற்கே 50 காசு வாங்குகிற கள்ளன். பிடித்தால் வாங்கு, பிடிக்காட்டி 50 போனது போனதுதான். ஒவ்வொரு தடவையும் அவனைத் திட்டிக்கொண்டே அவ்வளவு தூரம் நடந்து போவோம். ஒருநாள் மற்றவர்களிடம் அவனைப் பற்றிக் கேட்டபோதுதான் தெரிந்தது: தாயின் கையிலிருந்து அவனை அரக்கர்கள் பறித்துக் கீழே கொண்டு போனார்கள், தேடிப் போய்க் கண்டுபிடித்தது கொல்லன். கால் மட்டும் மிஞ்சவில்லை.

மரக்கால். அந்த இடத்தில் எங்கள் மூணு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது.

அதற்குப் பிறகுதான் இரண்டாவதை மறுபடி விளையாடினோம். கத்தாரில் இருக்கிற ஓர் அண்ணா 2021இல் வந்த புதுப்பித்த பதிப்பை வாங்கி அனுப்பினார். 40 டொலர் விலை போட்ட ஒரு கேமை, டொலர் 360 ரூபாவில் நின்ற 2022ஐப் பார்த்துவிட்டு வந்த வீட்டில் யாரும் வாங்கித் தர மாட்டாங்க. அதே மரம், அதே சுருள், அதே ஐந்து கற்கள். வாசலுக்குள் போனதும் ஒரு கிட்டார் இசை. சின்ன வயதில் அது பேய் வருகிற சத்தம் என்றுதான் நினைத்திருந்தோம். அது மட் யூல்மன் முதலாவது பாகத்தில் அந்த ஊருக்காகச் செய்த இசை. கடை திறந்திருந்தபோது, பெப்பின் காயம் ஆற்றியபோது, நாங்க மெதுவாக நடந்தபோதெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. இப்போ நெருப்புக்கு நடுவில் ஓடுது.

செத்தும் நடமாடுகிற ஓர் உருவம் எங்களைப் பார்த்து வந்தது. தலைக்கு மேலே பேர்: க்ரிஸ்வோல்ட். வெர்ட்டைத் தேடிப் போன ஆள். வெர்ட் அதே ஊரின் மூலையில் கிடக்கிறான், தட்டினால் காசு கொட்டுகிறான். 50, 50ஆக எங்களிடம் வாங்கின காசு! கேம் செய்தவர்கள் இதைப் பகிடியாகத்தான் வைத்திருப்பார்கள், நல்ல பகிடியும்கூட. ஆனால் உயிரோடு அவனிடம் ஏமாந்தவனுக்கு மட்டும்தான் அது பகிடி. மற்றவனுக்கு அது வெறும் காசு.

இன்னும் இருக்கு. முதலாவதில் நாங்க எடுத்து விளையாடிய மூன்று பாத்திரங்களும் இரண்டாவதில் எதிரிகள். வில்லுக்காரிதான் கல்லறைத் தோட்டத்தில் நிற்கிற ப்ளட் ரேவன். மந்திரவாதிதான் இரண்டாம் அத்தியாயத்தின் சம்மனர். டயப்ளோவைக் கொன்ற போர்வீரன் அந்தக் கல்லைத் தன் நெற்றியிலேயே குத்திக்கொண்டான்; இரண்டாவது பாகம் முழுக்க நாங்க துரத்திக்கொண்டு போகிற கறுப்பு அங்கிக்காரன் அவன்தான். அவன் கிளம்பிப் போன வழியில்தான் ட்ரிஸ்ட்ராம் எரிந்தது. "நேரா ரெண்டாவதுக்குப் போங்க"ன்னு சொல்றவங்க இவ்வளவையும் ஒரு மூணு நிமிச யூடியூப் சுருக்கத்தில் தெரிஞ்சுக்கலாம்னு சொல்லுவாங்க. தெரிஞ்சுக்கலாம்தான். ஆனா அந்தச் சுருக்கத்தில் நடை இல்லையே. நூறு தடவை க்ரிஸ்வோல்டிடம் நடந்துபோன அலுப்புத்தான் அந்த ஊரை ஊராக்குது. குறை என்று சொல்கிற அந்த மெதுநடைதான் இங்கே வேலை செய்கிறது.

இதை நாங்க இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்கு ஊர்க் காரணம் ஒன்று இருக்கு. 2018 மார்ச் முதல் வாரத்தில் திகனயிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. மார்ச் 6 அவசரகாலநிலை. கண்டி மாவட்டத்தில் ஊரடங்கு. அடுத்த நாள் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாம் முடக்கம். திகன எங்களுக்கு மஹியங்கனை ரோட்டில் கொஞ்சத் தூரம்தான். வெளியே போகக் கூடாது, போனில் ஒன்றும் இல்ல. பென்டியம் 4க்கு இன்டர்நெட் தேவையில்ல. அந்த நாட்களிலும் ட்ரிஸ்ட்ராமுக்குப் போய் வந்துகொண்டுதான் இருந்தோம். எரிகிற கடையையும் எரிகிற படத்தையும் ஒரே தராசில் வைக்க நாங்க வரவில்லை, அது அசிங்கம். நாங்க சொல்ல வருவது பார்க்கிறதைப் பற்றி மட்டும்.

ஊரடங்கு எடுத்த பிறகு பஸ்ஸில் திகனப் பக்கம் போனபோது எல்லாத் தலையும் ஜன்னல் பக்கம் திரும்பியது. சிலர் போனை நீட்டிப் படம் எடுத்தாங்க. எங்களோடு வந்த அம்மாச்சி ஒரு கரிந்த ஷட்டரைக் காட்டி, "இங்கதான் உங்களுக்கு ஸ்கூல் சப்பாத்து கடனுக்கு வாங்கினது" என்றார். எந்தச் சப்பாத்து, எந்த வருஷம், அந்தக் கடைக்காரர் எவ்வளவு நாள் பொறுத்தார் என்று குண்டசாலை தாண்டும் வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தார். படம் எடுத்தவர்கள் பார்த்ததும் அவர் பார்த்ததும் ஒரே ஷட்டர்தான்.

பழைய தெல்தெனிய டவுனும் இப்படித்தான். விக்டோரியா நீர்த்தேக்கம் கட்டியபோது தண்ணிக்குள் போய்விட்ட ஊர் அது. வரட்சியில் நீர் இறங்கினால் இடிந்த சுவர்கள் தலைகாட்டும், எங்க வயசுக்காரங்க செல்ஃபிக்குப் போவாங்க. அங்கே பிறந்தவர்கள் வந்தால் மட்டும் "இது இன்னாருடைய கடை, இது பஸ் நின்ற இடம்" என்று விரல் நீட்டுவார்கள். முதலில் இடிபாட்டைப் பார்த்தவனுக்கு அது காட்சி. முதலில் ஊரைப் பார்த்தவனுக்குப் பேர்கள் இருக்கு. டயப்ளோவை ஒன்று, இரண்டு என்ற வரிசையில் விளையாடச் சொல்வதற்கு எங்களிடம் இருக்கிற நியாயம் இவ்வளவுதான்.

கேமாகப் பார்த்தால் இரண்டாவதுதான் சிறந்தது, அதில் சண்டையே இல்ல. திறன்களை மரம் மாதிரி கிளை கிளையாக வளர்க்கலாம், ஓடலாம், ஹொராட்ரிக் பெட்டிக்குள் கண்டதையும் போட்டுக் கலக்கலாம். புதுப் பதிப்பைப் பற்றி மட்டும் ஒரு முறைப்பாடு: ட்ரிஸ்ட்ராமின் நெருப்பு அதில் ரொம்ப அழகாக எரியுது. ஜீ பட்டனைத் தட்டினால் 2000ஆம் ஆண்டின் மங்கலான படத்துக்கே மாறிவிடும். அந்த ஊருக்குள் போகும்போது மட்டும் நாங்க மாற்றிக்கொள்வோம். பழைய படத்தில் வீடுகள் எரிவது விகாரமாக இருக்கும், அதுவே சரியாக இருக்கு.

மாட்டு இடத்துக்கும் போனோம், மறைக்க ஒன்றுமில்லை. கேம் முடித்த பிறகு வெர்ட்டின் காலையும் ஊர்வாசல் புத்தகத்தையும் பெட்டிக்குள் சேர்த்துப் போட்டால் வாசல் திறக்கும். உள்ளே கோடரி தூக்கின மாடுகள் நூற்றுக்கணக்கில், விழுகிற பொருளும் நல்ல பொருள். சிரிச்சோம். அதற்கு முன்னால் எங்களில் ஒருத்தி அந்தக் காலைக் கொஞ்ச நாள் பெட்டகத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றாள். மூணு கட்டம் இடம் பிடிக்கும், அந்த இடத்தில் நல்ல வாளொன்று வைக்கலாம் என்று சண்டை பிடித்துப் பார்த்தோம். அவள் விடவில்லை.

இப்போ நைட்மேர் கடினத்தில் நிற்கிறோம். அதில் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்: சுருள், கற்கள், சிவப்பு வாசல், கூண்டில் கெய்ன். அதற்குப் பிறகு ஹெல். ஆக, ஒரு பாத்திரத்துக்கு ட்ரிஸ்ட்ராம் மூன்று தடவை எரியும். நைட்மேரில் க்ரிஸ்வோல்டை யார் அடிக்கிறது என்று இன்னும் முடிவாகல்ல. மவுஸ் இப்போ மேசையில் சும்மா கிடக்குது.