பூட்டு சொல்லும் சாட்சி

சென்னைக் கோட்டையில் 1687 முதல் 1692 வரை ஆளுநராக இருந்தவர் எலிஹு யேல். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயர்தான். 1719 வாக்கில் வரையப்பட்ட ஓவியமொன்றில் உறவினர்களோடு மேசையருகே அமர்ந்திருக்கிறார். பின்னணியில் குழந்தைகள் விளையாடுகிறார்கள். ஓரத்தில் ஒரு கறுப்பினச் சிறுவன், அவனுக்கு விளையாட்டில்லை. கழுத்தில் உலோகப் பட்டை, அதில் பூட்டு. அவன் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை.

"அந்தக் காலத்தை இன்றைய அளவுகோலால் அளக்காதீர்கள்" என்கிறார்கள். சாதியைப் பற்றிப் பேசினாலும் இதே வசனம்தான். நான் கேட்கிறேன்: அது யாருடைய அளவுகோல்? விரும்பி நிற்பவனுக்குப் பூட்டு எதற்கு? அவன் ஓடிவிடுவான் என்பது பூட்டியவனுக்குத் தெரிந்திருந்தது. அநீதி என்று அன்றே சொன்னவர்கள் இருந்தார்கள், அவர்களைத்தான் பூட்டிவைத்தார்கள். "வழக்கம்" என்பது ஆண்டைகளின் சொல். அதை நாம் ஏன் இரவல் வாங்க வேண்டும்?