காசு கேட்கவில்லை, ஏரியா கேட்டார்கள்

'ஒரு ரூபாய் செலவில்லாமல் சென்னையைச் சுற்றிப் பார்ப்பது எப்படி' என்றொரு காணொளி சென்ற வாரம் எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. மெரினா, பெசன்ட் நகர், கன்னிமாரா நூலகம், மார்கழி மதியக் கச்சேரி எனப் பட்டியல் நீண்டது. எனக்குச் சிரிப்புதான் வந்தது. புளியந்தோப்பில் வளர்ந்த எனக்கு இந்த நகரத்தைப் பார்க்க வேறு வழியே இருந்ததில்லை. பட்டியலில் தவறும் இல்லை. ஒரே ஒரு செலவு மட்டும் கணக்கில் விடுபட்டிருந்தது.

பதினெட்டு வயதில் ஒருநாள் நண்பர்கள் நான்கு பேர் கடற்கரையில் உட்கார்ந்திருந்தோம். மணி எட்டரை இருக்கும். சுற்றிலும் எங்களைப் போல எத்தனையோ கும்பல்கள். போலீஸ்காரர் நேராக எங்களிடம் வந்தார்.

"எங்கடா இருந்து வர்றீங்க?"

"புளியந்தோப்பு சார்" என்றான் ஒருவன். அவ்வளவுதான். போனைக் காட்டு, பையைக் காட்டு, கையைக் காட்டு. "இங்க இன்னாடா வேல?" கடலைப் பார்க்க வந்தோம் என்பது அவருக்கு ஒரு பதிலாகவே படவில்லை.

அன்றிலிருந்து நான் பெரம்பூர்க்காரன் ஆனேன். யார் கேட்டாலும் "பெரம்பூர்". வேலைக்கான நேர்காணலில், வாடகை வீடு தேடும்போது, தோழியின் அப்பாவிடம்கூட. இதைப் படிக்கும் வடசென்னைத் தோழர்கள் பலரிடம் இப்படி ஒரு கடன் வாங்கிய முகவரி இருக்கும் என்று நினைக்கிறேன்.

என் பெரியம்மா இருபது வருடம் புரசைவாக்கத்தில் வீட்டு வேலை செய்தவர். ஊர் சுற்றுவது என்பதே அவர் வாழ்க்கையில் கிடையாது. 2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் பெரம்பூர் போய் 29சி ஏறி பெசன்ட் நகரில் இறங்கியிருக்கிறார். இரவு வீடு திரும்பியதும், "கடலு இங்க காசிமேட்டுலயும் இருக்குது, அங்கயும் இருக்குது. ஆனா அங்க குந்திக்கினு இருக்க இடம் வுட்டுருக்கான்டா" என்றார். வடசென்னைக் கடற்கரையில் துறைமுகத்தையும் ஆலைகளையும் வைத்துவிட்டு, தெற்கே நடைபாதை போட்ட கதையை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அந்தப் பயணத்துக்குத்தான் 2022ல் ஓர் அமைச்சரே மேடையில் 'ஓசி' என்று பெயர் வைத்தார். பிறகு வருத்தம் தெரிவித்தார், சரி. ஆனால் சொல்லைக் கவனியுங்கள். காணொளி எடுக்கும் தம்பி காசில்லாமல் சுற்றினால் அது புத்திசாலித்தனம், சிக்கனம். என் பெரியம்மா சுற்றினால் ஓசி. இரண்டு பேரும் பார்ப்பது ஒரே கடல்.

எல்லாக் கதவும் மூடியிருக்கிறது என்று சொல்ல வரவில்லை. 1896ல் திறந்த கன்னிமாரா என்னை ஒருநாளும் ஏரியா கேட்டதில்லை. பையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போனால் மாலைவரை நாற்காலியும் மின்விசிறியும் உண்டு. புளியந்தோப்பிலிருந்து எழும்பூருக்கு நடந்தே போய்ப் படித்திருக்கிறேன். பக்கத்தில் இருக்கும் அருங்காட்சியகத்தில் கட்டணம் உண்டு, கொஞ்சம்தான். டீக்காசை மிச்சம் பிடித்தாவது அங்கே அமராவதி பௌத்தச் சிற்பங்களைப் பார்த்துவிடுங்கள். அம்பேத்கரைப் படித்தவர்களுக்கு அது வேறு மாதிரி தெரியும்.

மதியக் கச்சேரிக்கும் போனேன். உண்மையைச் சொன்னால் முதலில் ஏ.சி.க்காகத்தான். யாரும் தடுக்கவில்லை. என் சட்டையை மேலும் கீழும் பார்த்த ஒரு பெரியவர், "கேன்டீன் பின்னாடி இருக்கு" என்றார். வேலைக்கு வந்தவன் என்று நினைத்துவிட்டார் போல. உட்கார்ந்து கேட்டேன். மிருதங்கம் பிடித்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. அந்த மிருதங்கத்துக்கு மாட்டுத்தோல், எருமைத்தோல், ஆட்டுத்தோல் எல்லாம் வேண்டும். அதைச் செய்து தருபவர்களில் பலர் தலித் கிறித்தவர்கள். அவர்களைப் பற்றி டி.எம்.கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' எழுதியபோது, 2020ல் அதன் வெளியீட்டு விழாவுக்குத் தந்திருந்த அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. எங்கள் ஆட்டுத்தொட்டிப் பக்கம் வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்ளும் நகரம், தோல் மட்டும் மேடைக்குப் போய்விட்டால் தலையாட்டுகிறது. டிக்கெட் இல்லை என்பதாலேயே ஒரு அரங்கம் பொதுவாகிவிடாது.

அரங்கமே பொதுவான ஓர் இரவையும் பார்த்திருக்கிறேன். 2018 ஜனவரி 6, கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின் பள்ளி மைதானம். நீலம் பண்பாட்டு மையம் நடத்திய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவின் முதல் நிகழ்ச்சி. எங்கள் தெருவில் சாவு வீட்டு வாசலில் விடிய விடியக் கேட்ட கானா, கோட்டு சூட்டு போட்டு மேடையில் நின்றது. பக்கத்தில் நின்றவர் என்னிடம், "எங்கிருந்து வர்றீங்க?" என்றார். பழக்க தோஷம், "பெரம்பூர்" என்றேன். அவர், "நான் புளியந்தோப்பு" என்றார். அந்த அவமானம் இன்னும் மறக்கவில்லை.

என் ஊர்ப் பெயருக்குச் சென்னை வரலாற்றிலும் இடம் இருக்கிறது. 1921 ஜூனில் பி அண்ட் சி மில்லில் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் அதில் சேராமல் வேலைக்குப் போனார்கள். அதையொட்டிய மோதல்களில் இங்கே குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. புத்தகங்களில் அதற்குப் பெயர் 'புளியந்தோப்புக் கலவரம்'. யார் குடிசை எரிந்தது என்பது பின்னால் போய்விட்டது, கலவரம் மட்டும் ஊரின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. மில் 1996ல் மூடப்பட்டது. பிறகு பாழடைந்த அந்த ஆலைக்குள் சினிமா ரவுடிகள் சண்டை போட்டார்கள். இப்போது அந்த நிலத்தில் அடுக்குமாடிகள்.

மயிலாப்பூரிலும் கோட்டையிலும் பாரம்பரிய நடை என்று அறிவிப்புகள் வருகின்றன. மில்லைச் சுற்றி அப்படியொரு நடைக்கு எனக்கு இதுவரை அழைப்பு வந்ததில்லை. சரி, நாமே நடப்போம் என்று முடிவு செய்திருக்கிறோம். வரும் ஞாயிறு காலை ஏழு மணி. பழைய மில் பக்கத்தில் தொடங்கி ஆட்டுத்தொட்டி வழியாக. பெரியம்மாவும் வருகிறார். கட்டணம் கிடையாது, டீக்காசு அவரவருடையது. எங்கிருந்து வருகிறீர்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் நான் புளியந்தோப்பு என்றுதான் சொல்வேன்.