ஸ்டெம் செல் சிகிச்சை: நிரூபிக்கப்பட்டது எது, விற்கப்படுவது எது?

ரத்தப் புற்றுநோய்க்கு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை அளிக்கும் மருத்துவமனையும், மூட்டு வலி முதல் ஆட்டிசம் வரை அனைத்துக்கும் ஊசி போட்டுத் தீர்வு தருவதாக விளம்பரம் செய்யும் தனியார் கிளினிக்கும் ஒரே சொல்லையே பயன்படுத்துகின்றன: ஸ்டெம் செல். முதலாவதன் பின்னால் அரை நூற்றாண்டைக் கடந்த ஆய்வுச் சான்றுகள் உள்ளன. இரண்டாவதன் பின்னால் பெரும்பாலும் நோயாளிகளின் நன்றிக் காணொலிகளே உள்ளன. இவ்விரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டிய சட்டக் கோடு, இந்தியாவில் மிகவும் தேவைப்படும் இடத்தில் மங்கலாக இருக்கிறது.

தமிழில் குருத்தணு எனப்படும் ஸ்டெம் செல்கள், தம்மைத் தாமே பெருக்கிக்கொள்ளவும், குறிப்பிட்ட திசுவின் செல்களாக முதிரவும் வல்லவை. இவற்றைக் கொண்டு நோயைக் குணப்படுத்த முடியும் என்பது முதலில் ரத்தத்தில்தான் உறுதியானது. அமெரிக்க மருத்துவர் டோனல் தாமஸ் 1957-ல் வெளியிட்ட முதல் முயற்சியில், மஜ்ஜை பெற்ற நோயாளிகள் நீண்ட நாள் உயிர் வாழவில்லை. பல ஆண்டுகள் விடாது தொடர்ந்த அவருக்கு 1990-ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தியாவில் மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1983-லும், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1986-லும் இச்சிகிச்சையைத் தொடங்கின.

புற்றுநோயில் ஸ்டெம் செல்லின் பங்கு பலரும் எண்ணுவதுபோல் நேரடியானது அல்ல. நோயை அழிக்கத் தரப்படும் அதிக அளவு கீமோதெரபி, மஜ்ஜையையும் சேர்த்தே அழித்துவிடுகிறது. அதன் பிறகு செலுத்தப்படும் ஸ்டெம் செல்கள் ரத்த உற்பத்தியை மீட்டுத் தருகின்றன. அவை கொடையாளரிடமிருந்து பெறப்பட்டவை எனில், அவரது நோய் எதிர்ப்பு செல்கள் எஞ்சிய புற்றுநோய் செல்களையும் தாக்கும். லுக்கேமியா, லிம்போமா, மைலோமா போன்ற ரத்தம் சார்ந்த புற்றுநோய்களில் இது பலன் தருகிறது. நுரையீரல், வயிறு, மார்பகம் ஆகியவற்றில் உருவாகும் கட்டிகளுக்கு இது வழக்கமான சிகிச்சை அல்ல.

மார்பகப் புற்றுநோயில் இது முயன்று பார்க்கப்படாமல் இல்லை. 1990-களில் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அதிக அளவு கீமோதெரபி தந்து, அவர்களுடைய ஸ்டெம் செல்களே திரும்பச் செலுத்தப்பட்டன. ஒப்பீட்டு ஆய்வுகள் முடியும் முன்பே மருத்துவமனைகள் இதை வழங்கின. காப்பீட்டு நிறுவனங்கள் பணம் தர மறுத்தபோது வழக்குகள் தொடரப்பட்டன. 1999-ல் வெளியான ஆய்வுகளில் பெரும்பாலானவை, வழக்கமான சிகிச்சையைவிட இது கூடுதல் ஆயுளைத் தரவில்லை என்று காட்டின. பெரும் பலன் இருப்பதாகக் கூறிய தென்னாப்பிரிக்க ஆய்வில் முறைகேடு நடந்தது 2000-ல் அம்பலமானது. இத்தனைக்கும் சிகிச்சை அளித்தவர்களில் போலி மருத்துவர்கள் இல்லை. பெயர் பெற்ற மருத்துவமனைகளின் நிபுணர்கள்.

கண்ணில் கிடைத்த வெற்றி

ரத்தத்துக்கு வெளியே இந்தியாவின் குறிப்பிடத்தக்க பங்களிப்பு கண் மருத்துவத்தில் நிகழ்ந்தது. கருவிழியின் மேற்பரப்பைப் புதுப்பிக்கும் ஸ்டெம் செல்கள் அதன் விளிம்பில் உள்ளன. ரசாயனம் பட்டு அவை அழிந்தால், வெண்விழியின் சவ்வு கருவிழி மீது படர்ந்து பார்வையை மறைக்கிறது. வெற்றிலைக்குப் பயன்படும் சுண்ணாம்பு தெறித்துக் கண் பாதிக்கப்படும் குழந்தைகள் இந்தியாவில் பலர். ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனத்தில் வீரேந்தர் சங்வான் குழுவினர், முதலில் இச்செல்களை ஆய்வகத்தில் வளர்த்துப் பொருத்தி வந்தனர். 2012-ல் அவர்கள் வெளியிட்ட எளிய முறைக்கு ஆய்வகமே தேவையில்லை. நல்ல கண்ணின் விளிம்பிலிருந்து சுமார் 2 மி.மீ. அளவுள்ள திசுவை எடுத்து, சிறு துண்டுகளாக நறுக்கி, பழுதடைந்த கண்ணின் மீது விரித்த பனிக்குடச் சவ்வில் பதிக்கின்றனர். சில வாரங்களில் செல்கள் பரவி, புதிய மேற்பரப்பு உருவாகிறது. இரு கண்களும் பாதிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் சொந்தத் திசு கிடைக்காது என்பது இதன் எல்லை.

தோலிலும் முன்னேற்றம் உண்டு. தோல் கொப்புளித்து உரியும் மரபணு நோயால் உயிருக்குப் போராடிய, ஜெர்மனியில் சிகிச்சை பெற்ற 7 வயது சிறுவனுக்கு, மரபணு திருத்தப்பட்ட ஸ்டெம் செல்களிலிருந்து வளர்த்த தோல் உடலின் சுமார் 80 சதவீதப் பரப்பில் ஒட்டப்பட்டதை இத்தாலிய ஆய்வாளர்கள் 2017-ல் அறிவித்தனர். வேலூரில், மரபணு மாற்றிய ரத்த ஸ்டெம் செல்களைப் பெற்ற ஹீமோபிலியா நோயாளிகள் 5 பேருக்கும் கண்காணிப்புக் காலத்தில் ரத்தக்கசிவு ஏற்படவில்லை என்ற முடிவு 2024 டிசம்பரில் வெளியானது. இவை ஒவ்வொன்றும் எந்த நோய்க்கு, எந்த செல், என்ன அளவில் என்ற வரையறையோடு வந்தவை.

ஒரே விதிவிலக்கு, இரு வேறு பயன்

புதிய மருந்துகள் மற்றும் கிளினிக்கல் பரிசோதனை விதிகள், 2019-ன்படி, ஆய்வகத்தில் பெருக்கியோ, நொதி சேர்த்தோ, மரபணுவைத் திருத்தியோ கணிசமாக மாற்றப்பட்ட ஸ்டெம் செல் தயாரிப்பு ‘புதிய மருந்து’ ஆகும். அதற்கு மருந்துக் கட்டுப்பாட்டாளரின் அனுமதி கட்டாயம். மிகக் குறைவாகக் கையாளப்பட்ட செல்கள் இந்த வரையறைக்குள் வருவதில்லை.

விதிவிலக்கு நியாயமானதே. மஜ்ஜை மாற்று, கருவிழி அறுவை போன்றவற்றைப் புதிய மருந்தாகக் கருதினால் அவை நடைபெறவே இயலாது. ஆனால் இடுப்பெலும்பிலிருந்து எடுத்த மஜ்ஜையைச் சுழற்றிப் பிரித்து, குழந்தையின் முதுகுத்தண்டில் செலுத்தும் கிளினிக்கும் அதே விதிவிலக்கின் நிழலில் நிற்க முடிகிறது. ரத்தத்தை உருவாக்கும் செல்லை ரத்தத்துக்கே தருவது ஒன்று. அது மூளையைச் சீராக்கும் என்று நம்பித் தருவது முற்றிலும் வேறு. செல் எவ்வளவு மாற்றப்பட்டது என்பதோடு, அது எதற்காகத் தரப்படுகிறது என்பதையும் விதிகள் அளவுகோலாக்காத வரை இந்த இடைவெளி அடைபடாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் இதை உணராமல் இல்லை. 2007-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின் தலைப்பில் இருந்த ‘சிகிச்சை’ என்ற சொல்லையே 2013-ல் நீக்கியது. ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்ற ஏற்கப்பட்ட சில பயன்களைத் தவிர, மற்றவை அனைத்தும் கிளினிக்கல் பரிசோதனைகளுக்குள் மட்டுமே நடக்க வேண்டும் என்று 2017-ன் நெறிகள் கூறுகின்றன. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல்லைப் பரிந்துரைப்பதும் விளம்பரம் செய்வதும் தொழில் ஒழுங்கீனம் என தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022 டிசம்பரில் தெரிவித்தது. எனினும் வழிகாட்டு நெறி, சட்டம் அல்ல.

சொந்த உடலின் செல்தானே, பலன் இல்லாவிட்டாலும் தீங்கு இல்லை என்ற வாதம் உண்மைக்கு மாறானது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், சொந்தக் கொழுப்பிலிருந்து பிரித்த செல்கள் கண்களில் செலுத்தப்பட்ட 3 பெண்கள் கடும் பார்வை இழப்புக்கு உள்ளானது 2017-ல் மருத்துவ இதழில் பதிவானது. பிறருடைய செல்களில் ஆபத்து இன்னொரு வகை: மாஸ்கோவில் கருவின் நரம்பு ஸ்டெம் செல்களைப் பெற்ற சிறுவனின் மூளையிலும் தண்டுவடத்திலும், அச்செல்களிலிருந்தே கட்டிகள் உருவானதை 2009-ல் ஆய்வாளர்கள் உறுதிப்படுத்தினர்.

பங்கேற்பவரிடம் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்பதும் நெறிகளில் உள்ளது. ஆகவே லட்சக்கணக்கில் பணம் கேட்டுக்கொண்டே ‘இது ஆய்வின் ஒரு பகுதி’ என்று கூறும் இடத்தில், முதல் கேள்வியை அங்கேயே கேட்கலாம். இந்தியாவின் கிளினிக்கல் பரிசோதனைப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்க முடியும். அதில் பதிவு எண் இருப்பது மட்டும் மருந்துக் கட்டுப்பாட்டாளர் அனுமதி அளித்துவிட்டதாக ஆகாது. அந்த அனுமதிக் கடிதத்தைத் தனியாகக் கேட்டுப் பெற வேண்டும்.