பூஜையறைக்கு எட்டாத இணையம்

2020-ஆம் ஆண்டு கந்த சஷ்டியின்போது திருச்செந்தூர்க் கடற்கரையில் சூரசம்ஹாரம் பக்தர் கூட்டமின்றி நடந்தேறியது. நோய்த்தொற்றுக் காலக் கட்டுப்பாடுகளால் கடற்கரைக்குச் செல்ல இயலாத அன்பர்கள், தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் முருகப்பெருமானைத் தரிசித்தனர். கட்டுப்பாடுகள் விலகிய பின்னும் அந்தப் பழக்கம் விலகவில்லை. கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை ஏறத்தாழ 20 கிலோமீட்டர்தான். ஆயினும் முழங்கால் வலியோடு இருக்கும் ஆச்சிக்கு அதுவும் எட்டாத தொலைவே. செண்பகவல்லி அம்மனின் ஐப்பசித் திருக்கல்யாணத்தை உள்ளூரில் இருந்துகொண்டே திரையில் காணும் முதியோர் எத்தனையோ பேர்.

வேல் புறப்படும் நேரத்தில் படம் உறைந்து நின்றுவிட்டால் அவர்கள் மனம் படும் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. உடனே வீட்டில் ஒரு பேச்சு எழும்: “30 போதாது, 100-க்கு மாறிவிடலாம்.” கரிசல் பூமியில் மாதக் கட்டணம் என்பது எளிதில் ஒதுக்கித் தள்ளும் தொகையன்று. வானம் பார்த்த விவசாயம், தீப்பெட்டித் தொழில், கடலைமிட்டாய்க் கடை என்று ஓடும் குடும்பங்களில், ஒவ்வொரு மாதமும் தவறாமல் போகும் ரூபாயை எண்ணிப் பார்த்தே ஆகவேண்டும். ஜியோ நிறுவனம் 2020-இல் அறிவித்த கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். நொடிக்கு 30 மெகாபிட் வேகத்துக்கு 399 ரூபாய். 100 மெகாபிட்டுக்கு 699 ரூபாய். வித்தியாசம் 300 ரூபாய்தானே என்று தோன்றும். 18 சதவீத வரியையும் சேர்த்தால் 354 ரூபாய். ஆண்டுக்கு 4,248 ரூபாய். கட்டணங்கள் அவ்வப்போது மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

இத்தொகை எதை வாங்கித் தருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். தெளிவான உயர்தரக் காணொளி ஒன்று ஓடுவதற்கு நொடிக்கு 5 மெகாபிட் போதும். வெளிநாட்டில் இருக்கும் மகனுடன் முகம் பார்த்துப் பேச 3 அல்லது 4 மெகாபிட். பேத்தியின் இணைய வகுப்புக்கும் அவ்வளவே. இம்மூன்றும் ஒரே நேரத்தில் நடந்தாலும் 15 மெகாபிட்டைத் தாண்டாது. பெரிய தொலைக்காட்சியில் ‘4கே’ எனப்படும் மிகை நுண்தரப் படம் பார்த்தால் மட்டும் கூடுதலாக 15 முதல் 25 வரை தேவைப்படும். ஆகவே 30 மெகாபிட் இணைப்புள்ள பெரும்பாலான வீடுகளில் ஆச்சியின் தரிசனம் தடைப்படுவதற்குத் திட்டத்தின் வேகம் காரணமாக இருப்பது அரிது. 2004-இல் நொடிக்கு 256 கிலோபிட் இருந்தாலே அகன்ற அலைவரிசை என்று அரசு வகுத்திருந்தது. 2023 தொடக்கத்தில்தான் அந்தக் குறைந்த அளவு 2 மெகாபிட் ஆயிற்று. இவற்றோடு ஒப்பிட்டால் 30 என்பது சிறிய எண்ணே அன்று.

அப்படியானால் தடை எங்கே?

கோவில்பட்டிக்குத் தாமிரபரணித் தண்ணீர் சீவலப்பேரியிலிருந்து குழாய் வழியே வருகிறது. வீட்டுக் குழாயில் துரு அடைத்திருந்தால் சீவலப்பேரியில் எவ்வளவு நீர் ஓடினாலும் குடம் நிறையாது. இணையமும் அவ்வாறே. கண்ணாடி இழை வந்து சேரும் பெட்டியை வாசல் திண்ணைக்கு அருகில், தொழிலாளி கம்பி இழுத்து வந்த இடத்திலேயே மாட்டிவிடுகின்றனர். பூஜையறையோ வீட்டின் நடுவில், இரண்டு மூன்று சுவர்களுக்கு அப்பால். பழைய வீடுகளின் கனத்த சுவர் கோடை வெக்கையைத் தடுப்பது போலவே கம்பியில்லா அலையையும் தடுக்கிறது. பெட்டி இருவகை அலைகளை வெளியிடும்: 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகம் மிக்கது, சுவரைக் கடப்பதில் வலிமை குன்றியது, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை வேகம் குறைந்தது, தொலைவு செல்லக்கூடியது. இந்நிலையில் 100 மெகாபிட்டுக்குப் பணம் கட்டினால், அந்த வேகம் முழுவதும் திண்ணையில்தான் கிடைக்கும். ஆச்சியின் அறைக்கு முன்பு வந்த அளவே வரும்.

இதைக் கண்டறிய அரைமணி நேரம் போதும். மடிக்கணினியைக் கம்பி வழியே நேராகப் பெட்டியில் இணைத்து வேகத்தை அளக்க வேண்டும். மடிக்கணினி இல்லாத வீட்டில் பெட்டியின் அருகே கைப்பேசியை வைத்து அளக்கலாம். பிறகு பூஜையறையில் அளக்க வேண்டும். காலையில் ஒருமுறை, இரவு எட்டு மணிக்கு மேல் ஒருமுறை. பெட்டியருகே 30-ம் உள்ளே 3-ம் காட்டினால் பெட்டியை வீட்டின் நடுப்பகுதிக்கு, உயரமான இடத்துக்கு மாற்றினாலே குறை தீரும். அல்லது உள்ளே இரண்டாவது பெட்டி ஒன்றைக் கம்பி வழியே இணைக்கலாம். இது ஒருமுறைச் செலவு. இரவில் மட்டும் பெட்டியருகிலேயே வேகம் விழுந்தால், அத்தெருவில் உள்ள அனைவரும் ஒரே நேரத்தில் பயன்படுத்துவதால் நிறுவனத்தின் பாதையில் ஏற்படும் நெரிசலாக இருக்கலாம். அதற்கு முறையிட வேண்டும், அதிகக் கட்டணம் கட்டுவதால் அந்த நெரிசல் விலகும் என்று நம்புவதற்கில்லை. எந்நேரமும் குறைவாகவே இருந்தால் இழையைச் சோதிக்கச் சொல்ல வேண்டும். கண்ணாடி இழை கூர்மையாக மடங்கினாலே அதனுள் செல்லும் ஒளி கசிந்துவிடும். ஆணியில் மாட்டிச் சுருட்டி வைத்த இழையால் வந்த குறையும் உண்டு.

கரிசல் மண்ணுக்கென்று ஒரு குணம் இருக்கிறது. மழையில் உப்பும், கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். அதனுள் ஆழமின்றிப் புதைத்த எதுவும் அசையும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இடியும் மின்தடையும் சேர்ந்துகொள்ளும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது; பெட்டிக்குச் செல்லும் மின்கம்பி கடத்தும். கந்த சஷ்டியும் திருக்கல்யாணமும் அதே ஐப்பசியில் வருகின்றன அல்லவா? மின்சாரம் நின்றவுடன் பெட்டியும் நின்றுவிடும். பெட்டிக்கென்றே விற்கும் சிறிய மின்கல அமைப்பு ஒன்றை வாங்கி வைப்பது, கருப்பு மேகம் திரளும் மாலையில் 100 மெகாபிட்டைவிட மிகுதியாக உதவும்.

இன்னொன்றையும் மறக்கலாகாது. நேரலை என்பது கோயிலிலிருந்து வீடு வரை நீளும் சங்கிலி. பல்லாயிரம் பேர் கூடிய இடத்தில் ஒருவர் கைப்பேசி வழியே அனுப்பும் படம் அங்கேயே திணறினால், காணும் வீட்டில் எவ்வளவு வேகம் இருந்தும் பயனில்லை. அச்சமயம் வேறொரு காணொளியை ஓடவிட்டுப் பார்க்கலாம். அது தடையின்றி ஓடினால் வீட்டு இணைப்பின் மேல் பழியில்லை.

வேகத்தைக் கூட்டியே தீரவேண்டிய வீடுகளும் உண்டு. சிவகாசி அச்சகங்களுக்கு நாட்காட்டிப் படங்களை வடிவமைத்து வீட்டிலிருந்தே அனுப்பும் இளைஞரை எண்ணிப் பாருங்கள். ஒரு கிகாபைட் என்பது எட்டாயிரம் மெகாபிட். நொடிக்கு ஒரு மெகாபிட் மேலேற்றும் பழைய செம்புக் கம்பி இணைப்பில் அதை அனுப்ப இரண்டே கால் மணி நேரம் ஆகும். 30 மெகாபிட்டில் நாலரை நிமிடம். 100 மெகாபிட்டில் ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவு. செம்பிலிருந்து இழைக்கு மாறுவதில் அவருக்குக் கிடைக்கும் ஆதாயம் மிகப் பெரிது. 30-லிருந்து 100-க்குச் செல்வது, நாளொன்றுக்கு எத்தனை கோப்புகள் அனுப்புகிறார் என்பதைப் பொறுத்தது. அவர் விளம்பரத்தில் பெரிதாக அச்சிட்ட இறக்குவேகத்தைப் பார்த்து ஏமாறாமல், ஏற்றுவேகம் எவ்வளவு என்று கேட்க வேண்டும்.

மாத வரம்பைப் பற்றிய அச்சம் பெரும்பாலும் வீண். 3,300 கிகாபைட் என்பது பல திட்டங்களில் காணும் வரம்பு. உயர்தரக் காணொளி ஒன்றை இரவு பகலாக மாதம் முழுவதும் ஓடவிட்டாலும் அதில் பாதியைத்தான் எட்டும்.

மேலும் ஒரு கேள்வியை நிறுவனத்தாரிடம் முன்கூட்டியே கேட்டு, பதிலைக் குறுஞ்செய்தியாகவேனும் பெற்றுக்கொள்வது நலம்: உயர்த்திய திட்டம் பயன்படவில்லை எனில் அடுத்த மாதமே பழைய திட்டத்துக்குத் திரும்ப முடியுமா? ஆறு மாதக் கட்டணத்தை முன்னதாகக் கட்டச் சொன்னால் இக்கேள்விக்கு மதிப்பு இன்னும் கூடும். திரும்ப இடம் உண்டென்றால் திருவிழா வரும் ஐப்பசியில் ஒரு மாதம் மட்டும் உயர்த்திப் பார்க்கலாம். அதற்கு முன், புரட்டாசி முடிவதற்குள் பெட்டியைத் திண்ணையிலிருந்து உள்ளே நகர்த்திவிட வேண்டும்.