ஒரு பட்டியல், இரண்டு அளவுகோல்கள்

மன்னாரில் வீட்டுத்திட்டம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு கேள்வியும் கூடவே எழும்: "புத்தளத்தில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இங்கே எதற்கு இன்னொரு வீடு?" கேட்பவர்கள் தமிழர்கள். கேட்கப்படுபவர்கள் முஸ்லிம்கள். இக்கேள்வியில் பொதிந்துள்ள அநீதியைத் தமிழர்களாகிய நாமே முதலில் சொல்லியாக வேண்டும்.

அவர்கள் ஏன் புத்தளம் போனார்கள்? 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். எருக்கலம்பிட்டியிலும் முசலியிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் வீடு, காணி, தோணி அனைத்தையும் விட்டுவிட்டுப் போனார்கள். பலர் கடல்வழியே கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். இதற்குப் பெயர் இனச்சுத்திகரிப்பு. மென்மையான வேறு சொல் தேடி மையை வீணாக்க நான் விரும்பவில்லை. 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் மாநாட்டில் அன்ரன் பாலசிங்கமே அதை அரசியல் தவறு என்று ஒப்புக்கொண்டார்.

2009 இல் போர் முடிந்தது. இந்தியா அறிவித்த 50,000 வீடுகளில் 46,000 வடக்குக்கும் கிழக்குக்கும் ஒதுக்கப்பட்டன. புதிய வீடொன்றுக்கு 550,000 ரூபாய். ஆனால் அகதிகளை அரசு இரண்டாகப் பிரித்திருந்தது. 2008 ஏப்ரலுக்குப் பின் இடம்பெயர்ந்தோர் 'புதியவர்கள்'. அதற்கு முன் இடம்பெயர்ந்தோர் 'பழையவர்கள்'. முன்னுரிமை புதியவர்களுக்கு. முள்ளிவாய்க்காலில் எல்லாவற்றையும் இழந்து வந்தவர்களுக்கு முதலிடம் கொடுத்ததில் தவறில்லை. ஆனால் 'பழையவர்' என்றால் உரிமை காலாவதியானவர் என்றா பொருள்?

ஒரு குடும்பமாகப் போனவர்கள் நான்கு குடும்பங்களாக வருகிறார்கள் என்பது அடுத்த முறைப்பாடு. வரமாட்டார்களா? பிள்ளைகள் வளர்ந்தார்கள், மணம் முடித்தார்கள். தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பும் நம்மவர்களும் அப்படித்தானே திரும்புகிறார்கள்? அவர்களிடம் இந்தக் கணக்கை யாராவது கேட்கிறோமா?

மறிச்சுக்கட்டி, கரடிக்குளிக் காணிகள் இருபது ஆண்டுகளாக ஆளின்றிக் காடு மூடிக் கிடந்தன. அப்பகுதி நிலத்தை 2012 ஒக்டோபரில் ஒதுக்கக் காடாக வர்த்தமானி அறிவித்தது. 2015 இல் வில்பத்து அழிகிறது என்று தெற்கில் கூக்குரல் எழுந்தபோது நம்மில் சிலர் உள்ளூர மகிழ்ந்தனர். முன்னாள் அமைச்சர் ரிஷாட் பதியுதீனின் செலவில் மரங்களை மீள நடுமாறு 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் உத்தரவிட்டது. சட்டத்தை மீறிக் காடு அழிக்கப்பட்டதை நான் நியாயப்படுத்தவில்லை. அமைச்சர்களின் பாரபட்சத்தையும் விசாரிக்கட்டும். ஆனால் ஓர் அமைச்சரின் பிழைக்காக ஒரு சமூகம் தன் ஊரை இழக்க வேண்டுமா?

அதே முசலியில்தான் முள்ளிக்குளமும் இருக்கிறது. அந்தத் தமிழ்க் கத்தோலிக்கக் கிராமத்து மக்கள் 2007 இல் வெளியேற்றப்பட்டார்கள். ஊரில் கடற்படை குடியேறியது. போராடிப் போராடி, 2017 இல்தான் ஒரு பகுதியை விடுவிப்பதாக அறிவிப்பு வந்தது. சற்று வடக்கே சிலாவத்துறையில் முஸ்லிம்களின் காணியில் கடற்படை முகாம் அமைத்தது. இரு சாராரின் காணியையும் எடுத்தது ஒரே கை. நாமோ வீட்டுப் பட்டியலில் யார் பெயர் முன்னால் என்று ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருக்கிறோம்.

நமது கோரிக்கை ஒன்றாகவே இருக்கட்டும். 1990 இல் போனவருக்கும் 2007 இல் போனவருக்கும் ஒரே அளவுகோல். பயனாளிகள் பட்டியலும் தெரிவுக்கான காரணங்களும் கிராம சேவையாளர் அலுவலகச் சுவரில் எல்லோரும் வாசிக்கும்படி ஒட்டப்பட வேண்டும். முள்ளிக்குளத்துக்காகக் குரல் கொடுப்பவர்கள் மறிச்சுக்கட்டிக்காகவும் கொடுக்க வேண்டும். அயலவன் வீடு திரும்புவதைத் தடுத்துக்கொண்டு, எங்கள் காணியைத் திருப்பித் தா என்று கொழும்பிடம் கேட்க நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?