கிரகணம் வந்தால் கதவைச் சாத்தலாமா?

சூரிய கிரகணம் என்றால் நம் ஊரில் என்ன நடக்கும்?

கதவு சாத்தப்படும். அடுப்பு அணைக்கப்படும். பிள்ளைகள் வீட்டுக்குள் அடைபடுவார்கள். 1980-ம் ஆண்டு பிப்ரவரி 16-ந் தேதி சூரிய கிரகணம் வந்தபோது, பட்டப்பகலில் பல ஊர்களில் தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தன.

இது சரியா?

சரி அல்ல என்பது என் கருத்து. கிரகணம், ஒளிந்துகொள்ள வேண்டிய நாள் அல்ல. குடும்பத்தோடு மைதானத்துக்குப் போக வேண்டிய நாள்.

பாட்டி பார்த்த வளையல்

2019-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி. கோவை, கரூர், திண்டுக்கல் பகுதிகளில் வளைய கிரகணம் தெரிந்தது. திண்டுக்கல் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில், ஊர் மக்களுக்குக் கிரகணம் காட்ட ஆசிரியர்கள் ஏற்பாடு செய்திருந்தார்கள். நானும் போயிருந்தேன்.

ஒரு பாட்டி வேகமாக வந்தார். பேரனின் கையைப் பிடித்து இழுத்தார்.

"வாடா வீட்டுக்கு! கண்ணு அவிஞ்சு போயிடும்!" என்றார்.

அங்கிருந்த ஆசிரியை சண்டை போடவில்லை. கிரகணக் கண்ணாடியை நீட்டினார்.

"பையனை அப்புறம் கூட்டிட்டுப் போங்கம்மா. முதல்ல நீங்க ஒரு தடவை பாருங்க" என்றார்.

பாட்டி தயங்கினார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். அப்போது மணி சுமார் 9.30. சூரியனின் நடுப்பகுதி மறைந்து, விளிம்பு மட்டும் ஜொலித்தது.

"அடி ஆத்தி! தங்க வளையல் மாதிரியில்ல இருக்கு!"

சுமார் மூன்று நிமிட நேரம் அந்த வளையல் வானத்தில் இருந்தது. அது மறைந்ததும் பாட்டி ஒரு கேள்வி கேட்டார்.

"நிலா முழுசா மறைக்காம ஓரத்தை ஏன்டா விட்டுடுச்சு?"

பேரன் ஒரு ரூபாய்க் காசை எடுத்தான். தாழ்வாரச் சுவரில் இருந்த வட்டக் கடிகாரத்தைக் காட்டினான்.

"கண்ணுக்குப் பக்கத்துல காசைப் பிடி ஆத்தா. கடிகாரம் முழுக்க மறையுதா? இப்பக் கையை நீட்டு. காசு சின்னதாத் தெரியும். கடிகாரத்தோட ஓரம் தெரியும். நிலாவும் இன்னிக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கு. அவ்வளவுதான்!"

அரை மணி நேரத்துக்கு முன்பு ஆசிரியை சொல்லிக் கொடுத்த பாடம் அது. பேரன் பாட்டிக்கு வாத்தியார் ஆகிவிட்டான்!

வீட்டில் டெலிவிஷனில் பார்த்திருந்தால் இது நடந்திருக்குமா?

பயம் பாதி சரி

பாட்டியின் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். அதில் பாதி உண்மை இருக்கிறது.

சூரியனை வெறும் கண்ணால் பார்த்தால் கண் கெடும். கண்ணின் உட்புறத் திரை வெந்து போகும்போது வலிகூடத் தெரியாது. எனவே, பார்வை போகிறது என்பதும் தெரியாது. புகை பிடித்த கண்ணாடி, எக்ஸ்ரே படம், கூலிங் கிளாஸ், பாத்திரத்துத் தண்ணீர் எதுவும் காப்பாற்றாது. அதற்கென்றே தயாரித்த கிரகணக் கண்ணாடிதான் வேண்டும். அதிலும் கீறல், ஓட்டை இருக்கக் கூடாது.

கண்ணாடி இல்லையா? சமையல் அறையில் இருக்கும் பூந்திக் கரண்டியை எடுங்கள். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, கரண்டியின் நிழலைத் தரையில் விழச் செய்யுங்கள். ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் ஒரு குட்டிச் சூரியன் பிறை வடிவில் தரையில் விழும். கண்ணுக்கு ஆபத்து இல்லை. காசு செலவும் இல்லை.

மற்றப் பாதி பயம் வீண். கிரகணத்தால் சோறு கெடாது. வயிற்றில் இருக்கும் குழந்தைக்குக் குறையும் வராது. கர்ப்பிணிப் பெண்ணை அதற்காகப் பட்டினி போடுவதுதான் கெடுதல்!

உலக்கை நிற்குமா?

கிரகணத்தன்று மட்டும் தட்டில் உலக்கை நேராக நிற்கும் என்று சொல்வார்கள். நாளைக் காலையில் நிறுத்திப் பாருங்கள். நாளையும் நிற்கும்! அடிப்பாகம் தட்டையாக இருப்பதால் நிற்கிறது. அதற்குக் கிரகணம் தேவை இல்லை.

அதே உலக்கையை வைத்து வேறொரு அதிசயம் பார்க்கலாம். ஆண்டுக்கு இரண்டு நாள் நம் ஊரில் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வருகிறது. சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்டு 18 தேதிகளை ஒட்டி அது நடக்கிறது. மற்ற ஊர்களில் தேதி சற்று மாறும். அன்று நண்பகலில் முற்றத்தில் உலக்கையை நிறுத்துங்கள். அதன் நிழல் பக்கத்தில் சாயாது. காலடியிலேயே ஒடுங்கிவிடும்!

இந்த நாளைப் பள்ளிக்கூடங்களிலும் ஊர்ப் பொது இடங்களிலும் கொண்டாட வேண்டும். பெற்றோரையும் அழைக்க வேண்டும். விஞ்ஞானம் பிள்ளைகளுக்கு மட்டும் சொந்தம் அல்ல.

அன்றே செய்தார்கள்

இது புதிய யோசனை அல்ல. 1874-ம் ஆண்டு டிசம்பரில் வெள்ளிக் கிரகம் சூரியனுக்குக் குறுக்கே சென்றது. சென்னை வானாராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, அதைப் பொதுமக்களுக்கு விளக்க ஒரு சிறு புத்தகம் எழுதினார். பல இந்திய மொழிகளில் அது வெளிவந்தது. 150 ஆண்டுகளுக்கு முன்பு ஒருவர் அவ்வளவு பாடுபட்டிருக்கிறார். இன்று நாம் கதவைத் திறக்கக் கூடாதா?

அடுத்த வளையல்

2031-ம் ஆண்டு மே 21-ந் தேதி, தமிழ்நாட்டின் தென் பகுதியில் மீண்டும் வளைய கிரகணம் தெரியப் போகிறது. கோடை விடுமுறை. நடுப்பகல். நல்ல வெயில் இருக்கும்.

ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். திருவிழாவுக்குப் பந்தல் போடுகிறோம், நீர்மோர் கொடுக்கிறோம். அன்றைக்கும் அப்படிச் செய்யுங்கள். கிரகணக் கண்ணாடிகளை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. அன்று பிள்ளையை மட்டும் அனுப்பாதீர்கள். நீங்களும் போங்கள். மாமியாரையும் அழைத்துப் போங்கள்.

வானத்து வளையலை எல்லோரும் பார்க்கட்டும்!